தப்பாவ்

ஜூன் 8, திங்கள்
பாலர் பள்ளி ஆசிரியர் பயிற்சி தொடங்கியது. மதியத்துக்குப் பிறகு வகுப்பு இல்லை. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும் நடை, கோலம், வியாழன் இரவு நாடகப் போட்டி எல்லாம் விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டுமாம். எனக்கு விருப்பம் இல்லை. விடுதி அறையிலேயே இருந்தேன். வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் பத்து நிமிடம் தமிழ்ப் பாடம் நடத்த வேண்டும். தேறினால் நான் வேலை செய்யும் மார்சிலிங் பாலர் பள்ளியிலேயே துணை ஆசிரியர். இல்லையென்றால் பழையபடி பிள்ளைகளுக்குக் கை கழுவிவிடும் வேலைதான்.

ஜூன் 9
அறைத்தோழி மேனுகா விடவில்லை. "வா லா தாரணி, ரூம்லயே உக்காந்து என்ன பண்ணப் போற?"

தேக்கா சந்தையில் எனக்காக மெதுவாக நடந்தாள். தே தாரிக் டீ குடிக்கும்போது, ஏன் உயர்நிலை மூன்றோடு படிப்பை நிறுத்தினாய் என்று கேட்டாள். யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

வாய்மொழித் தேர்வு. படத்தைப் பார்த்து, "அம்மா கடையில் சாப்பாடு தப்பாவ் செய்தார்" என்றேன். சாப்பாட்டைக் கட்டி வாங்கி வருவதற்கு எங்கள் வீட்டில் அதுதான் சொல். சீனச் சொல் என்று தெரியாது, தமிழ் என்றே நினைத்திருந்தேன். ஆசிரியர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து வகுப்பில் நான் வாயைத் திறந்தாலே, "தப்பாவ் தப்பா பேசப் போறா!" ஒருநாள் போகாமல் இருந்தேன். பிறகு போகவே இல்லை.

மேனுகா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 10
கோலத்துக்கும் போனேன். நானாகவே.

ஜூன் 11
நாடகத்துக்கு மேனுகா முன் வரிசையில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள்.

மேடையில் மேனுகா. என்னைப் போலவே சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து — "அம்மா தப்பாவ் செய்தார்." கூடமே அதிர்ந்தது. பயிற்சி நடத்தும் வசந்தகுமாரி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் இருந்த, எங்களோடு பயிற்சிக்கு வந்த ஜெய் என் சட்டைக் கையைப் பார்த்தான்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று அறையில் கேட்டேன். "உன் பேர சொல்லவே இல்லையே. ஜோக் லா! நமக்குத்தான் ஃபர்ஸ்ட் பிரைஸ்," என்றாள்.

நமக்காம்.

கையப் புடிச்சியே, அப்பவே யோசிச்சு வச்சிட்டியா? இதக் கேக்க எனக்கு வாய் வரல.

ஜூன் 12
"ஆல் த பெஸ்ட், தப்பாவ் டீச்சர்!" ஜெய் கெட்டவன் இல்லை, சும்மாதான் சொன்னான். பலகை முன்னால் நின்றேன். பின்வரிசையில் மேனுகா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். வணக்கம் மட்டும் சொன்னேன்.

தேறவில்லை.

ஜூன் 20
மேனுகாவிடமிருந்து மெசேஜ். "கோபமா?" பார்த்தேன். பதில் போடவில்லை.

ஜூலை 3
பள்ளியில் கை கழுவிவிடும்போது சிறுவன் ரித்திக் மெல்லச் சொன்னான்: "டீச்சர், நேத்து அப்பா தப்பாவ் செய்தார்." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தான்.

"என்ன தப்பாவ் செய்தார்?" என்றேன்.

மீ கோரெங், வறுத்த நூடுல்ஸ். அதில் முட்டை இல்லையாம், தங்கச்சி அழுதாளாம். தண்ணீரை மூடிய பிறகும் பேசிக்கொண்டே இருந்தான். நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் வசந்தகுமாரி டீச்சருக்கு எழுதினேன், செப்டம்பரில் மறுபடி நடக்கும் பயிற்சிக்கு வருகிறேன் என்று. தனி அறை வேண்டும் என்றும் எழுதினேன்.