கடுகளவு திசு

மார்ச் 4
இன்று மைக்ராஸ்கோப்பில் நாற்பத்தொரு ஸ்லைடு பார்த்தேன். நாற்பதில் தொல்லை இல்லை. ஒன்று மட்டும் என்னோடு வீடு வரை வந்துவிட்டது. தையல்காரர் ஒருவரின் வலது கட்டைவிரலில் இருந்து எடுத்த கருமச்சம். ஒரு பக்கம் பார்த்தால் சாது, மறுபக்கம் புற்றுநோய். புற்றுநோய் என்று எழுதினால் விரலை எடுப்பார்கள். மச்சம் என்று எழுதி அது தப்பாகப் போனால் ஆளே போய்விடுவார்.

மார்ச் 6
இன்னும் ஆறு சீவல் கேட்டேன். மெழுகுக் கட்டியில் பதித்த திசுவைச் சீவித் தருவது எங்கள் பிளேடு அக்கா. "பாத்து டாக்டர், கடுகளவுதான் இருக்கு" என்றார். பார்க்கத்தானே கேட்கிறேன்?

மார்ச் 9
மறுபடி ஆறு, வேறு சாயத்தில். பக்கத்து அறை டாக்டர் "கெட்டதுதான்" என்றார். பெரிய டாக்டர் "வெறும் மச்சம்" என்றார். கேட்காமலே இருந்திருக்கலாம். தையல்காரர் மூன்றாவது முறையாகப் போன் செய்தாராம்.

மார்ச் 11
மரபணுச் சோதனைக்கு அனுப்ப முடிவு செய்தேன். புற்றுநோய்க்கு உரிய மாற்றங்கள் உண்டா என்று பார்ப்பார்கள். அதற்குச் சாயமேற்றாத சீவல் எட்டு வேண்டும். அக்கா கட்டியை விளக்கில் காட்டினார். "இனி சீவினா மெழுகுதான் வரும்."
விரலிலும் மிச்சம் இல்லை, மச்சத்தை முழுசாக எடுத்தாயிற்று. இன்னொரு தடவை பார்த்தால் தெளிந்துவிடும் என்று சொல்லிச் சொல்லியே தீர்த்தது நான்தான். இத்தனை வருஷ சர்வீஸ் — அந்த ஆளுக்கு என்னன்னு சொல்லுவேன்?

மார்ச் 12
குழம்பில் உப்பு இல்லை என்றார் வீட்டுக்காரர். போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

மார்ச் 13
அக்கா ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். முதல் நாளே சாயமேற்றாமல் பத்து சீவல் எடுத்து வைத்தாராம்.
"அன்னைக்கே ஏன் சொல்லல?"
"சொல்லிருந்தா அதையும் கேட்டிருப்பீங்க."
உண்மைதான். கேட்டிருப்பேன்.

ஏப்ரல் 2
அக்கா தந்த சீவல்களை அனுப்பிய மரபணுச் சோதனையின் முடிவு வந்தது. கெட்ட மாற்றம் எதுவும் தெரியவில்லை. ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது என்று அடியில் ஒரு வரி. ஆக, மறுபடி என் தலையில்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பழைய ஸ்லைடுகளையே முதலில் இருந்து பார்த்தேன். மச்சம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வழக்கமாகச் சேர்க்கும் 'இருக்கலாம்' இல்லாமல்.

ஏப்ரல் 9
தையல்காரர் தேடி வந்துவிட்டார். விரலை மடக்கி நீட்டிக் காட்டினார். சின்னத் தழும்பு. "இது போயிருந்தா கடைய மூடிருப்பேன் மேடம். உங்களாலதான்."
கூசியது. "என்னால இல்லங்க, வாங்க" என்று சீவும் அறைக்கு அழைத்துப் போனேன். அக்கா கட்டியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.
"நிழல் விழுது, ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க" என்றார்.