ஒரு பிடி அரிசி

14.6.1994, செவ்வாய்

கென்யாவுக்குக் கிளம்ப இன்னும் ரெண்டே நாள். சபை என்னை அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்சாக அனுப்புகிறது. பகல் முழுக்கப் பெட்டி அடுக்கினேன். சேலைகளுக்கு நடுவே வேதாகமத்தை வைக்கும்போது, பார்த்தே இராத ஒரு செம்மண் ரோட்டில் நான் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தேன்.

சாயங்காலம் அம்மா உலைக்கு அரிசி அளந்தாள். எனக்கு விவரம் தெரிந்த நாள்முதல், அளந்ததும் ஒரு பிடி எடுத்து ஊழியத்துக்கென்று சபை கொடுத்த டப்பாவில் போடுவாள். இன்றைக்கும் பிடி எடுத்தாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு உலையில் போட்டுவிட்டாள்.

"ஏம்மா, டப்பால போடலியா?"

"ஒன்னையே குடுக்கேம்லா. இன்னும் என்னத்தக் குடுக்க?" திரும்பாமலே சொன்னாள்.

ஜெபம் பண்ணும்போதும் அதுதான் காதில்.

கொசுவலைக்குள் படுத்தபடி எழுதுகிறேன். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வருகிறது. வீடே கப்பல் மாதிரி பைய அசைகிறது. எங்கேயோ அரிசி சொரிகிற சத்தம். கண் சொருகுகிறது.

ராத்திரி சோறு ஒரு பிடி கூடிப்போச்சு. அதையும் என் தட்டில்தான் வைத்தாள்.