இல்லாத சுனை

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

உன் கணக்கெடுப்பு நோட்டு வந்தது. தெற்குப் பள்ளத்தாக்குப் பக்கம் மட்டும் வெள்ளையாக இருக்கிறதே! போன வருஷம் பதினோரு கரடி. இந்த வருஷம் ஒரு கால்தடம்கூட இல்லையா? மாதக் கடைசியில் காப்புக்காட்டின் எல்லையைப் புதிதாகப் போடுகிறார்கள். என் வரைபடத்தில் கரடி இல்லையென்றால் பள்ளத்தாக்கு கோட்டுக்கு வெளியே போகும், கல் உடைக்கிறவர்கள் தயாராக நிற்கிறார்கள்.

நேராகவே கேட்கிறேன். நடந்து பார்த்தாயா, முகாமில் கால் நீட்டிக்கொண்டு எழுதினாயா? இல்லை, யாராவது உன் வாயை அடைத்துவிட்டார்களா? கோபப்படாமல் பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


மார்ச் 11

அக்கா,

கோபப்படாமல் எழுத முடியவில்லை. செருப்பு பிய்யப் பிய்ய நடந்தேன். கரடிகள் இருக்கின்றன. எழுதவில்லை, அவ்வளவுதான்.

போன வருஷம் மூன்று குகைகளின் இடத்தைத் துல்லியமாகக் குறித்து அனுப்பினேன். ஒரே மாதத்தில் அந்த மூன்றின் வாசலிலும் கம்பிக் கண்ணி. ஒரு தாய்க் கரடியை நான்தான் கண்ணியிலிருந்து அறுத்தெடுத்தேன், உயிர் போன பிறகு. அச்சான வரைபடத்தில் குகை எதுவும் தெரியாது, வெறும் கட்டங்கள்தான். சரியான இடம் என் நோட்டிலும் உன் கையிலும் மட்டும்தானே இருந்தது?

உன்மேல் சந்தேகமே இல்லை என்று எழுத ஆசை. கை வரமாட்டேன் என்கிறது.

இப்போதைக்கு ஒரு இடம் தருகிறேன்: பிளந்த பாறைக்குக் கீழே ஒரு சுனை. தாயும் இரண்டு குட்டிகளும் தண்ணீருக்கு வருகின்றன. குறித்துக்கொள்.

தம்பி


மார்ச் 18

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பிறகு உன்னை நன்றாகத் திட்டினேன். பிறகுதான் வேலையை எடுத்தேன்.

சுனையைக் குறித்தாகிவிட்டது. வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் தாளை விரித்து. உன் அத்தான் தாளின் முனையைப் பிடித்துக்கொண்டு பென்சில் சீவித் தந்தார். "உன் தம்பி சூரன்தான், எங்க இருக்கு இந்தச் சுனை?" என்று கேட்டார். வேலை போனதிலிருந்து பாவம், எதிலாவது மனசு ஒட்டட்டும் என்று பார்க்கிறார். சனிக்கிழமைதோறும் சிநேகிதர்களோடு மீன் பிடிக்கப் போகிறார், வீட்டுக்கு ஒரு செதில்கூட வந்தபாடில்லை!

எல்லைக் கூட்டத்தை ஒரு மாதம் தள்ளி வைத்திருக்கிறார்கள். மற்ற இடங்களையும் அனுப்பு.

அக்கா


மார்ச் 29

அக்கா,

பிளந்த பாறைக்குக் கீழே சுனை கிடையாது. சொட்டுத் தண்ணீர் கிடையாது. கரடி எட்டிப் பார்க்காத மொட்டைப் பாறை அது. அந்தப் பொய்யை உன் ஒருத்திக்குத்தான் எழுதினேன்.

நேற்று அங்கே ஏழு கண்ணி எடுத்தேன்.

அந்தத் தாளை வேறு யார் பார்த்தார்கள்?

தம்பி


ஏப்ரல் 5

தம்பி,

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்லமாட்டேன். என் வாயால் வரவில்லை.

அலுவலகத் தாளைத் தொடவில்லை. வீட்டு மேசையில் இருக்கும் தாளில் மட்டும் ஒரு பொய்ப் புள்ளி வைத்தேன், பழைய காவல் கோபுரத்துக்குப் பின்னால். "பெரிய ஆண் கரடி" என்று பக்கத்தில் எழுதினேன். இங்கே யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வருகிற சனிக்கிழமை கழிந்ததும் போய்ப் பார்.

அங்கே கண்ணி ஒன்றும் இல்லையென்றால் "உன் அக்கா ஒரு முட்டாள்" என்று பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுகிறேன். அப்படி ஒரு கடிதம் வர வேண்டுமே என்று இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

நீ முட்டாள் இல்லை.

நான்கு கண்ணி. சாட்சியாக இருக்கட்டும் என்று தொடாமல் விட்டிருக்கிறேன். என் மேலதிகாரியிடம் சொல்வதா வேண்டாமா, நீதான் சொல்ல வேண்டும். பள்ளத்தாக்கின் பதினான்கு இடங்களும் இந்த உறையில் இருக்கின்றன. அலுவலக முகவரிக்கு அனுப்புகிறேன்.

சந்தேகப்பட்டதற்கு மன்னித்துவிடு. நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி


ஏப்ரல் 27

அன்புத் தம்பிக்கு,

நீயும்தான் என்னை மன்னிக்க வேண்டும். முதலில் சந்தேகப்பட்டது நான்.

வரைபடம் முடிந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் கோட்டுக்கு உள்ளே. அலுவலகத்தில் உட்கார்ந்துதான் வரைந்தேன், பென்சிலை நானே சீவிக்கொண்டேன். எனக்குச் சீவத் தெரியவில்லை, முனை உடைந்துகொண்டே இருந்தது.

உன் மேலதிகாரிக்கு நானே எழுதினேன். நேற்றுக் காலை அவருடைய ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். உன் அத்தான் மீன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்துவிட்டது நான்தான்.

அக்கா