மூன்று ஓலையும் போகி என்ற பெயரும்

1932 ஜூன் 5, ஞாயிறு
சாரல். குடைக்கம்பி ஒடிவு. சபையில், செத்துப்போன தம்பியின் மகள் கிரேசுக்கு முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். மாப்பிள்ளை சாமுவேல், ரயில் பட்டறையில் வேலையாம். மிஷன் விடுதியில் வளர்ந்தவன். தாய் தகப்பன் யாரென்று தெரியாது. "தடை உண்டானால் சொல்லுங்கள்" என்றார் உபதேசியார். எனக்கு விஷயமே அப்போதுதான் தெரியும். பெரியப்பன் ஒருத்தன் உயிரோடு இருக்கிறேன்! இன்னும் இரண்டு ஞாயிறு, இரண்டு ஓலை பாக்கி. அதற்குள் யாராவது எழும்பித் தடை சொன்னால் கல்யாணம் நிற்கும்.

ஜூன் 7
மாப்பிள்ளை வந்தான். புதுச் செருப்பு. எனக்காக வாங்கியதோ?
"பட்டறையில என்ன வேலை?"
"போகி மாட்டுற வேலை, ஐயா."
"போகின்னா ஆள் ஏறுற பெட்டி."
"பெட்டி இல்ல ஐயா. பெட்டிக்கு அடியில சக்கரத்தோட ஒரு கட்டு. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு."
அகப்பட்டான். ஊரே பெட்டியைத்தான் போகி என்கிறது. இவன் ரயிலைத் தொட்டே இருக்க மாட்டான். தம்பி பெண்சாதி எஸ்தரிடம் சொன்னேன். "அத்தான், ஆளைப் பிடிக்கலேன்னு சொல்லும். போகியை ஏன் இழுக்கீரு?" வாய்!

ஜூன் 9
வாழைக்கு மண் அணைத்தது. பிறகு பள்ளிக்கூட வாத்தியார் வீடு. பெரிய அகராதி. போகிக்குச் சக்கரக் கட்டு என்றுதான் போட்டிருக்கிறது. இங்கிலாந்தில் வடபகுதி நாட்டுப்புறப் பேச்சாம். மூலம் தெரியாதாம்.
"அது எப்படித் தெரியாம போகும்?"
"வெள்ளைக்காரனுக்கே தெரியல. என்னைப் பிடிச்சு உலுக்கினா?"
சொல்லுக்கும் பூர்வீகம் இல்லை, சொன்னவனுக்கும் இல்லை. அகராதியும் மனுஷன் அச்சடித்ததுதானே. காப்பிக்கடையில் எல்லார் முன்னும் சொல்லிவிட்டேன்: மூன்றாம் ஓலைக்கு எழும்புவேன்.

ஜூன் 12, ஞாயிறு
இரண்டாம் ஓலை. எழும்பவில்லை, சாட்சி வேண்டும். கிரேஸ் கண் சிவப்பு. அழுகை. சளியாகவும் இருக்கலாம்.

ஜூன் 15
திருநெல்வேலிக்கு பஸ். ஆரல்வாய்மொழிக் காற்றில் துண்டு பறந்தது. ஸ்டேஷனில் நின்ற வண்டிக்கு அடியில் குனிந்தேன். எண்ணெய் விடுகிறவன் கத்தினான்: "பெரியவரே, தலை வேணுமா, வேண்டாமா?"
"இதுல போகி எது?"
சுத்தியலால் தட்டிக் காட்டினான். நாலு சக்கரம், சுருள்வில், இரும்புச் சட்டம். "வளைவுல இதுதான் திரும்பும். சனங்க மேல உள்ள பெட்டியவே போகிங்காங்க. நாங்க திருத்துறதில்ல."
"பேரு எங்கேருந்து வந்தது?"
"எங்கேருந்து வந்தா என்னவே? பாரத்தைத் தாங்குதா, இல்லியா?"
மாப்பிள்ளை சொன்னதில் ஓர் எழுத்து பிசகவில்லை. முழங்கால் வலி. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 18
எஸ்தர் வந்தாள். உள்ளே வரவில்லை. "நாளைக்கு நீரு எழும்பினா என் பிள்ளைய பின்ன யாரு கெட்டுவா?"
"என்னட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"
"கேட்டா வேண்டாம்பீரு. அதான் கேக்கல."


ஜூன் 19, ஞாயிறு
மழை இல்லை. சபை நிறைய ஆள், பாதிப் பேர் என்னைப் பார்க்க. மூன்றாம் ஓலை. தடை உண்டா என்று கேட்டுவிட்டு உபதேசியார் என்னையே பார்த்தார். எழும்புவேன் என்று சொன்னவன் உட்கார்ந்திருப்பதா? எழும்பினேன். எஸ்தர் முந்தானையால் முகத்தை மூடினாள்.
"தடை இல்லை" என்றேன்.
"அதைச் சொல்லவா எழும்பினீரு?"
"என்னட்டக் கேட்டது நீரு ஒருத்தர்தான். நின்னு பதில் சொல்லணும்லா."