செப்டம்பர் எட்டாம் தேதி

சுன்சோன்
10 ஆகஸ்ட் 1986

அன்புள்ள ஆ-யங் அம்மாவுக்கு,

மூன்று நாள் யோசனைக்குப் பிறகு, இந்த வருடம் கோஸ் பாத்தியை வேலியிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுவதென்று உன் மூத்தார் நேற்று முடிவு செய்துவிட்டார். இப்படிப்பட்ட விஷயங்களைக் குடும்பத்தில் எல்லோருக்கும் முறைப்படி தெரிவிக்க வேண்டும் என்பதால் உனக்கும் எழுதுகிறேன்.

அத்தை உங்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. முட்டி வலி தேவலாம் என்று கேள்விப்பட்டேன். போன வாரம் போனில் தன் பெரிய பிள்ளையிடம், "சின்னவ தோட்டத்துல கோஸ் இறுகிடுச்சுன்னா இந்த வருஷம் கிம்ச்சி இங்கதான், குளிர்காலமும் இங்கதான். இறுகலேன்னா பஸ் ஏறி வந்துடறேன்" என்றாராம். நல்லதுதான். பத்தொன்பது வருடமாக மொத்தக் குடும்பத்துக்கும் கிம்ச்சி ஊறுகாய் என் வீட்டில்தான் போடப்பட்டது. கோஸுக்கும் ஒரு மாறுதல் வேண்டாமா?

நாற்றை எப்போது நடுவது என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. வெயில் தணியும் நாள் என்று காலண்டரில் போட்டிருக்குமே, அன்றோடு கொசுவுக்கே வாய் கோணிவிடும். அதற்குப் பிறகும் இரண்டு வாரம் பொறு. செப்டம்பர் எட்டு நல்ல நாள். உன் தோட்டம் இரண்டு பாய் விரிக்கிற அளவுதான் என்று கேள்வி. சின்ன இடத்துக்குச் சின்ன அவசரம் போதும்.

அன்புடன்,
போக்-சூன்

காங்ஜின்
12 செப்டம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடியே எட்டாம் தேதி முப்பது நாற்று நட்டோம். ஓரத்தில் முள்ளங்கியும் கொஞ்சம் விதைத்திருக்கிறேன். அத்தை படியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். குழந்தை ஆ-யங் நாற்றைத் தலைகீழாக நட்டதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

உங்கள் கொழுந்தனார்தான் குழி தோண்டமாட்டேன் என்று முரண்டு பிடித்தார். "அண்ணி அங்க ஆகஸ்ட் பதினேழாம் தேதியே நட்டுட்டாங்கன்னு அண்ணன் சொல்றாரு. நமக்கு மட்டும் எதுக்கு மூணு வாரம் லேட்டு? குளிர் வர்றதுக்குள்ள கோஸ் இறுகுமா? அவங்க பாட்டுக்கு ஏதோ எழுதிப் போட்டுட்டாங்க" என்றார்.

அத்தை கைத்தடியை எடுத்துவிட்டார். "பெரியவ ஒரு தேதி சொன்னா அதுல அர்த்தம் இருக்கும்டா. பள்ளிக்கூடத்துல பூகோளம் நடத்தினா மண்ணு தெரிஞ்சுடுமா? வாயை மூடிக்கிட்டுத் தோண்டு" என்றார். அவர் திருதிருவென்று விழித்ததைப் பார்த்து அத்தை மறுபடியும் சிரித்தார். நாங்கள் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. எனக்கு உங்களை விட்டால் கேட்க யார் இருக்கிறார்கள்?

உங்கள்,
மி-ரான்

சுன்சோன்
25 செப்டம்பர் 1986

அன்புள்ள ஆ-யங் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. "அர்த்தம் இருக்கும்" என்று அத்தை இதே சொற்களில்தான் சொன்னாரா, இல்லை நீயாகச் சேர்த்து எழுதினாயா? சரியாகத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறேன். வேறொன்றுமில்லை.

அத்தை சிரித்தார் என்று உன் கடிதத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறது. இங்கே பத்தொன்பது வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது மொத்தமே இரண்டு தடவை. ஒன்று, என் மகன் தே-ஹுன் பிறந்த அன்று. மற்றது, நான் உப்புத் தொட்டியோடு சேற்றில் வழுக்கி விழுந்த அன்று.

கோஸ் இறுகாமல் போனால் மனதைத் தளரவிடாதே. அது யாருடைய குற்றமும் இல்லை. இலையை வேகவைத்து சூப்பில் போடலாம். அத்தையை மட்டும் நவம்பர் முதல் வாரமே பஸ் ஏற்றிவிடு. அவருடைய அறைச் சுவருக்குப் புதுக் காகிதம் ஒட்டியாகிவிட்டது. இங்கே என் கோஸ் எல்லாம் கல்லாக இறுகி வருகிறது. தொட்டுப் பார்த்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

போக்-சூன்

காங்ஜின்
20 நவம்பர் 1986

அன்புள்ள அக்காவுக்கு,

இறுகிவிட்டது! முப்பதில் இருபத்தேழு. அத்தை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். உள்ளே போகவில்லை.

பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியாரும் எங்களைப் போல வடக்கே உங்கள் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதியே நட்டுவிட்டார். இந்தத் தென்கோடி வெயிலில் எல்லாம் வெந்து, அடி அழுகி, ஒன்றுகூட மிஞ்சவில்லை. சந்தையில் நாற்று விற்கிற அம்மா என்னிடம், "எட்டாம் தேதின்னு உனக்கு யாரும்மா சொன்னது? இங்கயே பொறந்து வளர்ந்தவ கணக்கால்ல இருக்கு!" என்று கேட்டார். சுன்சோனில் இருக்கிற என் ஓரகத்தி என்றேன். நம்பவில்லை.

அத்தை நம்பினார். சந்தையில் நின்றே சத்தமாகச் சொன்னார்: "என் பெரிய மருமக. முந்நூறு மைலுக்கு அந்தாண்ட உக்காந்துக்கிட்டு இந்த ஊரு வெயிலுக்கு நாள் குறிச்சிருக்கா பாருங்க. அவ மனசு அப்படி."

அன்று மாலையே சொல்லிவிட்டார். "அந்த வீட்டைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. பெரியவ எல்லாத்தையும் பாத்துக்குவா. சின்னவளுக்குத்தான் ஒண்ணும் தெரியல, ஒரு ஆள் கூட இருக்கணும்" என்று. அதனால் கிம்ச்சி இங்கே, டிசம்பர் ஆறாம் தேதி. அத்தை குளிர்காலம் முடிகிறவரை இங்கேதான். நீங்கள் கட்டாயம் வரவேண்டும்.

உங்கள்,
மி-ரான்

சுன்சோன்
28 நவம்பர் 1986

அன்புள்ள ஆ-யங் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். சந்தையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நீ எழுதவில்லை.

ஆறாம் தேதி வர இயலாது. உன் மூத்தாருக்கு லீவு இல்லை. எங்கள் கோஸைப் பதினைந்தாம் தேதியே உப்பில் போட்டுவிட்டோம். கிம்ச்சியில் கருவாட்டுச் சாறு குறைவாக ஊற்று. அத்தைக்கு உப்பு ஆகாது. அதை அவர் சொல்லமாட்டார்.

அடுத்த வருடமும் செப்டம்பர் எட்டிலேயே நடு. எப்படிக் கணக்குப் போட்டேன் என்று அத்தை கேட்டால், ஞாபகமில்லை என்று நான் எழுதியதாகச் சொல்.

அத்தையின் பஞ்சு மெத்தையையும் கம்பளிக் காலுறைகளையும் இன்று காலை பார்சல் ஆபீசில் கொடுத்தாயிற்று. எடை பதினொரு கிலோ. ரசீதை இதோடு வைத்திருக்கிறேன்.

போக்-சூன்