பாதரசக் குழாய்

ஜனவரி 9, வெள்ளி. ராஸ் லஃபான் லேபர் கேம்ப்.

போன் பேசும்போது "சாப்டியாம்மா?" என்றுதான் மகளிடம் தினமும் ஆரம்பிப்பேன். "வேற கேள்வியே தெரியாதாப்பா?" என்று நேற்று சலித்துக்கொண்டாள். அதனால் இன்று அதைக் கேட்கவில்லை. காலேஜில் என்ன பாடம் என்றேன்.

பிரிட்டனின் ஆதி கம்ப்யூட்டர்களைப் பற்றியாம். சிலவற்றுக்குப் பாதரசம் நிரப்பிய குழாய்தான் நினைவகம். எண்களை ஒலியாக்கி ஒரு முனையில் அனுப்புவார்கள். மறுமுனைக்கு வந்ததைத் திரும்பத் திரும்ப உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

"விட்டா மறந்துடும்ப்பா" என்றாள்.

ரூமில் விளக்கை அணைத்தாயிற்று. போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். கண்ணை மூடினால் கடலுக்கடியில் வெள்ளியாய் ஒரு குழாய் ஊர்வரை நீள்கிறது. மேல்கட்டிலில் இருப்பவர் மனைவியிடம் மலையாளத்தில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறார். அந்த முணுமுணுப்பும் அதில் மிதந்து போகிறது. என் குரல் மட்டும் இல்லை.

இப்போது மகளிடமிருந்து மெசேஜ்.

"ஏம்ப்பா இன்னிக்குக் கேக்கல?"