இரண்டாவதுதானே

ஜூன் 27, வெள்ளி

விடியும்போதே சாரல். துணி ஒன்றும் காயவில்லை. தென்காசியில் ஸ்கேன். சீசன் என்பதால் இவர் குற்றாலத்துப் பழக்கடையை விட்டு வரவில்லை. இவருடைய அம்மாதான் கூட வந்தார்.

தலை கீழே. தண்ணீர் சரி. சர்க்கரை இல்லை. எடை மூன்று கிலோ அறுநூறு.

"ரெண்டாவது பிள்ளை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஸ்கேன்ல சொல்லுதது ஒரு மதிப்புதான், முன்னப்பின்ன இருக்கும்" என்றார் டாக்டரம்மா. அத்தை காதில் எடை மட்டும் விழுந்திருக்கிறது. திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்காரியிடம், "மூத்தவ ரெண்டு அறுநூறுதான். அதுக்கே இவளுக்கு ஏகப்பட்ட தையல். இது கிலோ கூட!" பஸ் இலஞ்சி வருமுன்னே என் சங்கதியெல்லாம் அவளுக்குத் தெரிந்தாயிற்று.

யாழினி பிறந்த அந்த மேசை ஞாபகம் வந்தது. பயம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கால் மரத்தது போல உள்ளேயும் மரத்துக் கிடக்கிறது.

ஜூன் 28, சனி

தட்டில் ஒரு கரண்டிச் சோறு. ராத்திரிக்குக் கஞ்சி.

"இனி அரை வயிறுதான். பிள்ளை பெருத்துப்போச்சுன்னா சிக்கிக்கிடும். அளவா இருந்தா வலி எடுத்ததும் வந்துரும், ரெண்டாவதுதானே" என்றார் அத்தை. சரி என்று தலையை ஆட்டினேன். 'சிக்கிக்கிடும்' என்ற சொல் நெஞ்சிலேயே நிற்கிறது. அதற்கு மேல் சோறு கொடுத்தாலும் இறங்கியிருக்காது.

பக்கத்தில் செல்வி, இவர் தம்பி மனைவி. ஐந்தாம் மாசம், தலைச்சன். அவள் தட்டில் நெத்திலிக் குழம்பு, அவியல், அப்பளம். வளைகாப்புக்குச் சேலை எடுக்கப் பேச்சு. எனக்கும் ஒரு தடவை நடந்தது. பொறாமை இல்லை. குழம்பு வாசம் மட்டும் போகவே மாட்டேன் என்றது.

ஜூலை 1, செவ்வாய்

அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. இவர் மத்தியானமே வந்துவிட்டார். மங்குஸ்தான் அப்படியே கிடக்கிறதாம். "இன்னைக்கு வலி வந்தாக்கூட நல்லதுதான், கடை சும்மாத்தான் கெடக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

பை கட்டியாயிற்று. நைட்டி, பழைய வேட்டித் துணி, யாழினி போட்ட தொப்பி. புதிதாக ஒன்றும் வாங்கவில்லை.

பசி. எழுந்தால் கண் இருட்டுகிறது. யாழினி மிச்சம் வைத்த ரொட்டி முனையைத் தின்றேன். தின்றபிறகு பிள்ளை வளர்ந்துவிட்டதோ என்று வயிற்றைத் தடவிப் பார்த்தேன். கிறுக்கு.

ஜூலை 4, வெள்ளி

செக்கப். என் எடை குறைந்திருக்கிறது.

"என்னம்மா, சாப்பிடுதியா இல்லியா?"

"நல்லா சாப்பிடுதா டாக்டர்" என்றார் அத்தை, நான் வாயைத் திறக்குமுன்.

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டார். "பட்டினி கெடந்தா இனிமே பிள்ளை சின்னதாகாது. உனக்குத் தள்ளத் தெம்பு இருக்காது, அவ்வளவுதான். ஒழுங்கா சாப்பிடு."

ஆட்டோவில் அத்தை: "அவங்க சொல்லிட்டுப் போவாங்க. படப்போறது நீதானே."

ராத்திரி கஞ்சி. அதைத்தான் குடித்தேன்.

ஜூலை 7, திங்கள்

நேற்றுப் பிறந்தான். பையன்.

விடிகாலை வலி. ஞாயிற்றுக்கிழமை வேறு, ரோடு முழுக்கக் குற்றாலம் போகிற வண்டி. போய்ச் சேருமுன் ஆட்டோவிலேயே பெற்றுவிடுவேன் என்று வழியெல்லாம் அத்தை புலம்பல். எங்கே! பகல் முழுக்க வலி. கடைசியில் தள்ளச் சொன்னபோது உடம்பில் ஒன்றுமே இல்லை. "எப்பம்மா சாப்பிட்ட? ஏன் இப்படித் துவண்டு போற?" என்று நர்ஸ் சத்தம் போட்டாள். டிரிப் ஏற்றினார்கள். பிள்ளையின் துடிப்பு இறங்குகிறது, ஆபரேஷனுக்கு ரெடி பண்ணுங்கள் என்று யாரோ சொன்னது கேட்டது. இரண்டு பேரும் போய்ச்சேர்ந்துவிடுவோம் என்றே நினைத்தேன். அதற்கும் அழுகை வரவில்லை.

ஆபரேஷனுக்குக் கொண்டுபோகுமுன் எப்படியோ வந்தான். நெஞ்சில் போட்டார்கள். எடை எவ்வளவு என்று மட்டும் கேட்டேன்.

மூன்று கிலோ நூறு.

இன்று காலை செல்வி இட்லி கொண்டுவந்தாள். அத்தை வார்டு முழுக்கக் கேட்கும்படி, "இவ வாயை நான் கட்டி வச்சதாலதான் அரைக்கிலோ கொறைஞ்சு அளவா வந்தான். செல்விக்கும் எட்டாம் மாசத்துலேருந்து கஞ்சிதான்!" செல்வி தலையை ஆட்டினாள். அன்றைக்கு நான் ஆட்டிய அதே மாதிரி.

எங்கிருந்து வந்ததோ கோபம். உடம்பெல்லாம் சூடு. "ஏட்டி செல்வி, நீ வயிறு நெறைய சாப்பிடு. ஸ்கேன்ல சொன்னது வெறும் மதிப்பு, இவன் மொதல்லயே இவ்வளவுதான் இருந்தான். எனக்குத்தான் உசிரு போயிட்டு வந்துச்சு" என்றேன். குரல் உடைந்து அழுதுவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள்.

டப்பாவைத் திறந்தேன். செல்விக்கு இரண்டு இட்லி எடுத்து வைத்தேன். என் எதிரிலேயே தின்னச் சொன்னேன்.